‘ஃப்ரெஷ்’ஷுக்கு எத்தனை அர்த்தம் பாஸ்? ஓடைப்பட்டி திராட்சை முதல் ஆபீஸ் மெயில் வரை!

தேனி மாவட்டத்தில் சின்னமனூர் தாண்டி ஓடைப்பட்டிப் பக்கம் போயிருக்கீங்களா? உத்தமபாளையம் தாலுகாவில் இருக்கிற சின்ன பேரூர். ஊரைச் சுற்றித் திராட்சைப் பந்தல்கள். கம்பம், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி என்றால் விதையுள்ள கறுப்பு பன்னீர் திராட்சை ஞாபகம் வரும். ஓடைப்பட்டி என்றால் விதையில்லா திராட்சை. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கவே, குமுளி ரோடு வரைக்கும், திராட்சை விற்கிற இடமெல்லாம் ஒரே ஒரு ஆங்கில வார்த்தை போர்டு போர்டாகத் தொங்கும்: ஃப்ரெஷ். சில போர்டுகளில் அது ‘பிரஷ் ஜூஸ்’ ஆகியிருக்கும். பல் தேய்க்கிற பிரஷ்ஷுக்கும் அந்த ஜூஸுக்கும் சம்பந்தம் இல்லை, பயப்படாமல் குடிக்கலாம்.

பழத்தில் தொடங்கி, ‘ஃப்ரெஷ் ஆயிட்டு வர்றேன்’, ‘நான் ஃப்ரெஷ்ஷர்’, ‘ஃப்ரெஷ் பீஸ் எடுத்துக் குடுங்கண்ணா’, ‘ஃப்ரெஷ்ஷான கதை’, ‘ஃப்ரெஷ் நோட்டு’ என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்க. நம் ஊரில் எல்லாமே செல்லும். ஆனால், இதே வார்த்தையை ஒரு வெளிநாட்டு இன்டர்வியூவில், பாஸ்போர்ட் ஃபார்மில், ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் கொண்டுபோய் வைத்தால் சில இடத்தில் வேலை கெடும், சில இடத்தில் மானமே போகும். அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே பார்த்துடலாம்.

எதிர்ச்சொல்லைப் பிடிங்க, அர்த்தம் மாட்டும்!

ஃப்ரெஷ் என்பதற்கு டிக்‌ஷனரியில் ‘புதிய’ என்று போட்டிருப்பாங்க. அதை மட்டும் மனப்பாடம் செய்தால் பாதிதான் தேறும். ஒரு சின்ன உபாயம் இருக்கு. ஃப்ரெஷ் எந்த இடத்தில் வந்தாலும், ‘இங்கே இதுக்கு எதிர்ப்பதம் என்ன?’ என்று கேளுங்க. ரொட்டி என்றால் எதிர்ப்பதம் நேற்றைய காய்ந்த ரொட்டி. மீன் என்றால் ஐஸில் உறைந்தது, இல்லைனா கருவாடு. பட்டாணி என்றால் டின்னில் அடைத்தது. தண்ணீர் என்றால் உப்புத் தண்ணீர். சட்டை என்றால் அழுக்குச் சட்டை. ஆள் என்றால் களைத்துப்போன ஆள். விண்ணப்பம் என்றால் புதுப்பித்தல். ஒரே வார்த்தைதான், ஆனா ஒவ்வொரு இடத்திலும் வேற வேற எதிரியோட சண்டை போடுது.

இதில் ரொம்பப் பழைய எதிரி உப்பு. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் மூதாதை ‘உப்பில்லாத’ என்ற அர்த்தத்தில்தான் புழங்கியது. பிறகு பிரெஞ்சுப் பக்கமிருந்து வந்த செல்வாக்கில் ‘புதுசு, வாடாதது’ என்ற அர்த்தங்கள் சேர்ந்து பெருகின. அந்த முதல் அர்த்தம் இன்னும் சாகவில்லை. ஃப்ரெஷ் வாட்டர் என்றால் ‘இப்போ பிடித்த தண்ணி’ இல்லை, நன்னீர். வைகை அணையில் பிடிக்கிற கெண்டை, ‘ஃப்ரெஷ்வாட்டர் ஃபிஷ்’. அது பிடித்து 3 நாள் ஆகி நாற ஆரம்பித்திருந்தாலும் ஃப்ரெஷ்வாட்டர் ஃபிஷ்தான், ஆனால் ஃப்ரெஷ் ஃபிஷ் கிடையாது. உலகத்தில் இருக்கிற மொத்தத் தண்ணீரில் நன்னீர் சுமார் 2.5 சதவிகிதம்தான், அதிலும் பெரும்பகுதி பனியாக உறைந்து கிடக்கு என்று ஸ்கூலில் படித்திருப்பீங்க. அந்தப் பாடத்தில் வரும் ஃப்ரெஷ் இதுதான். குடிக்கத் தகுந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. சாக்கடை கலந்த ஆறும் கணக்கில் ஃப்ரெஷ் வாட்டர்தான்.

திராட்சை எப்போ ஃப்ரெஷ்?

“அக்கா, ஃப்ரெஷ்ஷா இருக்குமா?” என்று கேட்டால், “இன்னிக்குக் காலைல வெட்டுனது தம்பி” என்பதுதான் நமக்குத் திருப்தியான பதில். திராட்சைக்கு அது சரியான பதிலும்கூட. காரணம், திராட்சை கொடியிலிருந்து பிரிந்த பிறகு மேற்கொண்டு பழுக்காது. வாழை அப்படி இல்லை. தேனி மாவட்டத்தில் திராட்சைக்குச் சமமாக வாழையும் பெரிய வெள்ளாமை. தாரைக் காயாகவே வெட்டி, ஊருக்கு அனுப்பி, அங்கே பழுக்க வைப்பாங்க. மாம்பழமும் அந்த வகை. அதனால் ‘ஃப்ரெஷ் வாழைப்பழம்’ என்றால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று குழப்பம் வரும். திராட்சைக்குக் கடிகாரம் ஒன்றுதான். வெட்டின நிமிஷத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும், அதற்கப்புறம் இனிப்பு கூடாது, தண்ணீர் மட்டும் குறையும்.

பன்னீர் திராட்சைக்கு இந்த அவசரம் இன்னும் அதிகம். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். தோல் மெல்லிசு, சாறு ஜாஸ்தி, தூர ஊர்ப் பயணத்தைத் தாங்காது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது இதன் வரலாறாகச் சொல்லப்படுவது. 2023-ல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்று புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மற்ற மாநிலங்களில் வருஷத்துக்கு ஒரு சீசன் என்று காத்திருக்கும்போது, கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து செய்யும் நாளை மாற்றி மாற்றி வைப்பதால் வருஷம் பூராவும் எங்காவது ஒரு பந்தலில் பழம் தொங்கும். கவாத்து அடித்து ஏறக்குறைய 4 மாதத்தில் அறுவடை. ஆக, ‘எல்லா மாதமும் ஃப்ரெஷ் திராட்சை’ என்று இங்கே ஒருத்தர் போர்டு வைத்தால் அது விளம்பர பில்டப் இல்லை.

இதன் மறுபக்கம்தான் விவசாயியோட தலைவலி. வியாபாரி இன்று வரவில்லை, மழை பிடித்துக்கொண்டது, விலை விழுந்துவிட்டது என்றால், ‘நாளைக்கு வித்துக்கலாம்’ என்று குவித்து வைக்க முடியாது. நெல்லுக்கு இருக்கும் அவகாசம் திராட்சைக்கு இல்லை. நாம் ஃபோட்டோ போட்டுக் கொண்டாடும் ‘ஃப்ரெஷ்’ என்கிற குணம்தான், விற்பவரை அன்றைய விலைக்குத் தலையாட்ட வைக்கிற குணமும். இதையே உலர் திராட்சை ஆக்கினால் மாதக்கணக்கில் வைக்கலாம். பழத்தில் 80 சதவிகிதம் போல இருக்கும் தண்ணீர் உலர்ந்த பிறகு 15 சதவிகிதம் பக்கம் இறங்கிவிடும். ஆனா அதுக்கு வேற ரகம், வேற வெயில், வேற முதலீடு வேணும்.

கடையில் நிற்கும்போது பழத்தை அமுக்கிப் பார்க்கிறதை விட்டுட்டு, காம்பைப் பாருங்க. கொத்தின் நடுக்காம்பு பச்சையாக, வளைத்தால் வளைகிற மாதிரி இருந்தால் வெட்டி ரொம்ப நேரம் ஆகவில்லை. பழுப்பாகி, ஒடித்தால் படக்கென்று முறிந்தால் பழம் தண்ணீர் இழந்துகொண்டிருக்கிறது. கொத்தைத் தூக்கி லேசாக ஆட்டினால் பழம் உதிர்கிறதா என்றும் பார்க்கலாம். மேலே வெள்ளையாகப் பவுடர் பூசின மாதிரி இருக்கே, அதைப் பார்த்து ‘ஐயோ மருந்து’ என்று பலர் ஓடுறாங்க. மருந்து மிச்சமும் பழத்தில் இருக்கலாம், அதனால் கழுவித்தான் சாப்பிடணும். ஆனால் கொத்து முழுக்க சீராகப் படர்ந்திருக்கும் அந்த மெல்லிய வெண்படலம் பெரும்பாலும் பழமே உற்பத்தி செய்கிற மெழுகு. கை படப் பட அழிந்துபோகும். அதாவது, அது கலையாமல் இருந்தால் அதிகக் கை படாத பழம். ஃப்ரெஷ் என்பதற்குப் பழம் தானே போட்டுக்கொண்ட முத்திரை!

லேபிளில் ‘ஃப்ரெஷ்’ என்று போட சட்டம் என்ன சொல்லுது?

தள்ளுவண்டி அக்கா ‘ஃப்ரெஷ்’ என்று சொல்வது பேச்சு. ஒரு கம்பெனி பாட்டிலில் ‘ஃப்ரெஷ்’ என்று அச்சடிப்பது உறுதிமொழி. நம் நாட்டில் உணவுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையம் இருக்கு. அது 2018-ல் விளம்பரங்களுக்கும் லேபிள் வாசகங்களுக்கும் தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. நேச்சுரல், ஒரிஜினல், ட்ரெடிஷனல், ஃப்ரெஷ் மாதிரியான வார்த்தைகளை இஷ்டத்துக்கு அள்ளித் தெளிக்கக் கூடாது, இன்னின்ன நிபந்தனைக்கு உட்பட்டால்தான் போடலாம் என்று அதில் வரையறுத்திருக்காங்க. ஃப்ரெஷ் என்றால் கழுவுவது, தோல் உரிப்பது, குளிரவைப்பது, ஓரம் நறுக்குவது, வெட்டுவது போன்ற, பொருளின் அடிப்படைக் குணத்தை மாற்றாத வேலைகளைத் தாண்டிப் பதப்படுத்தாத உணவு என்பதுதான் அதன் சாரம். இந்த வார்த்தை கம்பெனியின் பெயரிலேயே இருந்து, அது ஆட்களைக் குழப்பும் என்றால், ‘இது வெறும் பிராண்டு பெயர்தான், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல’ என்கிற அர்த்தத்தில் ஒரு வரி போட்டாகணும். அடுத்த முறை சூப்பர் மார்க்கெட் போகும்போது பாக்கெட்டைத் திருப்பி அந்தச் சின்ன எழுத்தைத் தேடுங்க. செம டைம்பாஸ்.

ஜூஸ் விஷயத்தில் 2024 ஜூன் மாதம் இந்த ஆணையம் இன்னொரு பிடியும் பிடித்தது. பழச்சாற்றைச் சுண்டவைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து மறுபடி சாறாக்கி விற்கிறவங்க ‘100 சதவிகிதப் பழச்சாறு’ என்று போட்டிருந்தாங்க. அந்த வாசகத்தை லேபிளிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் எடுங்க என்று உத்தரவு. லிட்டர் கணக்கில் தண்ணீர் சேர்த்த பிறகு என்னய்யா நூறு என்பதுதான் கேள்வி.

அமெரிக்கா இதைவிட வேடிக்கை. அங்கே கோழிக்கறிக்கு ‘ஃப்ரெஷ்’ என்று போட, அந்தக் கறி ஒருபோதும் 26 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போயிருக்கக் கூடாது என்று 1997-ல் விதி வந்தது. நம் கணக்கில் சுமார் மைனஸ் 3.3 டிகிரி செல்சியஸ். தண்ணீர் உறையும் புள்ளிக்கும் கொஞ்சம் கீழே! நம் ஊரில் கண்ணுக்கு முன்னால் உரித்துக் கொடுத்தால்தான் ஃப்ரெஷ் என்று நம்புகிற நமக்கு, மைனஸில் இருந்த கோழியும் ஃப்ரெஷ் என்பது ஜீரணிக்கக் கஷ்டம்தான்.

நீங்களே வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாவிலோ தோட்டத்துப் பழம் விற்கிறவர் என்றால் ஒரு யோசனை. ‘ஃபார்ம் ஃப்ரெஷ்’ என்று ஊரே போடுகிறது, யாரும் படிப்பதில்லை. ‘இன்று காலை ஓடைப்பட்டியில் வெட்டியது, மாலை மதுரையில் டெலிவரி’ என்று தேதியோட போடுங்க. வாங்குகிறவருக்கு அது ஒரு தகவல். வெறும் ஃப்ரெஷ் என்பது அலங்காரம்.

பச்சை ஒன்று, ஃப்ரெஷ் ஒன்று

தமிழில் ஃப்ரெஷ்ஷுக்கு ரொம்ப நெருக்கமான சொந்தக்காரன் ‘புதிய’ இல்லை, ‘பச்சை’ என்பது என் கட்சி. பச்சை மொச்சை, பச்சை மிளகாய், பச்சைப் பட்டாணி என்றால் காயவைக்காதது. பச்சை மீன் என்றால் கருவாடு ஆகாதது. பச்சைப் புண் என்றால் இன்னும் ஆறாதது, ஆங்கிலத்திலும் அது ஃப்ரெஷ் வூண்ட்தான். பச்சைக் குழந்தை, பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்பு என்று நம் ஆட்கள் அந்தச் சொல்லைக் கொண்டுபோன தூரத்துக்கு ஆங்கிலம் போகவே இல்லை.

ஆனால் மொழிபெயர்க்கும்போது இங்கேதான் வழுக்கும். பச்சைக்கு ‘வேகாத, காய்ச்சாத’ என்ற அர்த்தமும் இருக்கு. பச்சரிசி, பச்சைப் பால், பச்சைத் தண்ணி, கேரட்டைப் பச்சையா கடிக்கிறது எல்லாம் ஆங்கிலத்தில் ஃப்ரெஷ் இல்லை, ‘ரா’. பச்சைப் பால் என்றால் ரா மில்க். ஃப்ரெஷ் மில்க் என்று ஒரு வெளிநாட்டுக் கடையில் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பாஸ்ச்சரைஸ் செய்த பால். பால் பவுடரும் இல்லை, டெட்ரா பேக்கில் மாதக்கணக்கில் கிடப்பதும் இல்லை என்று அர்த்தம். குழந்தைக்குக் காய்ச்சாமல் கொடுக்கலாமா கூடாதா என்கிற கேள்வி இதில் தொங்குவதால், இந்த இரண்டு வார்த்தையையும் மாற்றிப் போடாதீங்க.

பச்சை என்பது நிறமாகவும் இருப்பது இன்னொரு கூத்து. பக்கத்தில் போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்துக்குப் பேர் போன ஊர். அங்கே ‘பச்சைக்காய்’ என்றால் செடியிலிருந்து பறித்து இன்னும் உலர்த்தாத ஏலக்காய். ஆங்கிலத்தில் ‘கிரீன் கார்டமம்’ என்றால் உலர்த்தி, பச்சை நிறம் மங்காமல் விற்பனைக்கு வந்த ஏலக்காய். ஒன்றுக்குப் பதிலா இன்னொன்று என்று மெயில் அடித்தால் ஆர்டரே தலைகீழாகிடும்.

‘ஃப்ரெஷ் ஆயிட்டு வர்றேன்’... பாத்து!

இப்போ மெயின் மேட்டர். வெளியூரிலிருந்து வந்ததும் முகம் கை கால் கழுவுவதை நாம் ‘ஃப்ரெஷ் ஆகுறது’ என்கிறோம். தமிழில் பேசும் வரைக்கும் பிரச்னை இல்லை. அதையே அப்படியே ஆங்கிலமாக்கி ‘ஐ வில் கெட் ஃப்ரெஷ்’ என்று சொன்னால், இந்தியாவுக்குள் புரிந்துகொள்வாங்க. வெளியே, முக்கியமா அமெரிக்காவில், ‘கெட் ஃப்ரெஷ்’ என்றால் அத்துமீறுவது, வாயாடுவது. ‘கெட் ஃப்ரெஷ் வித்’ என்று ஒருத்தர் பெயரைச் சேர்த்துவிட்டால், அவரிடம் தப்பாக நடக்கப் பார்ப்பது என்றே அர்த்தம். ‘டோன்ட் கெட் ஃப்ரெஷ் வித் மீ’ என்று பழைய ஹாலிவுட் படங்களில் ஹீரோயின் எரிந்து விழுவது இதனால்தான். 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் கிளம்பிய அர்த்தம் இது. ‘துடுக்கான’ என்று பொருள்படும் ‘ஃப்ரெஹ்’ என்கிற ஜெர்மன் சொல்லின் பாதிப்பாக இருக்கலாம் என்பது சொல் ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு.

அப்போ என்ன சொல்லணும்? ‘ஐ வில் ஃப்ரெஷன் அப்’. ஃப்ரெஷ் என்பது பெயரடை. அதை வினைச்சொல்லாக்க அந்த ‘அன்’ தேவை. ‘ஐ வில் ஃப்ரெஷ் அப்’ என்பதும் தப்பு. க்ளையன்ட் மீட்டிங்குக்கு நடுவில் பாத்ரூம் போகணும் என்றால் ‘எக்ஸ்க்யூஸ் மீ ஃபார் எ மினிட்’ போதும், விளக்கம் வேண்டாம்.

ஆஃபர் லெட்டரில் ‘ஃப்ரெஷ்ஷர்’

கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிறவங்க இதைக் கொஞ்சம் நின்று படிங்க. இந்தியாவில் ஃப்ரெஷ்ஷர் என்றால் வேலை அனுபவம் இல்லாத, படிப்பு முடித்த கையோடு வருகிறவர். பிரிட்டனில் ஃப்ரெஷர் என்றால் காலேஜில் முதல் வருஷம் சேர்ந்தவர். ‘ஃப்ரெஷர்ஸ் வீக்’ என்றால் அங்கே நம் ஊர் ‘வெல்கம் பார்ட்டி’ ஒரு வாரம் நடப்பது மாதிரி. அமெரிக்காவில் முதல் வருஷத்துக்காரர் ஃப்ரெஷ்மேன். அங்கே ‘ஐ ஆம் எ ஃப்ரெஷ்ஷர்’ என்றால், ‘யாரைவிட?’ என்றுதான் தோணும். ஏன்னா இலக்கணப்படி ஃப்ரெஷ்ஷர் என்றால் ‘அதைவிட ஃப்ரெஷ்ஷான’ என்ற ஒப்பீடு. ஃப்ரெஷ், ஃப்ரெஷ்ஷர், ஃப்ரெஷ்ஷெஸ்ட். இந்தத் திராட்சை அந்தத் திராட்சையைவிட ஃப்ரெஷ்ஷர் என்பது நூறு சதவிகிதம் சரி.

உங்க ரெஸ்யூமே வெளிநாட்டு கம்பெனிக்குப் போகுது என்றால் ‘ரீசன்ட் கிராஜுவேட்’ என்று போடுங்க, வேலையை ‘என்ட்ரி லெவல்’ என்று தேடுங்க. இல்லைனா டிகிரி முடித்துவிட்டு வந்த உங்களை, இன்னும் முதல் வருஷமே தாண்டாதவர் என்று லண்டன் ஹெச்.ஆர் நினைத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கு. ‘ஃப்ரெஷ் அவுட் ஆஃப் காலேஜ்’ என்று பேச்சில் சொல்வது தப்பில்லை, ரெஸ்யூமேயில் வேண்டாம்.

படிக்கவோ வேலைக்கோ கடல் தாண்டுகிறவங்க இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளணும். ‘ஃப்ரெஷ் ஆஃப் த போட்’, சுருக்கமா ‘ஃபாப்’. கப்பலிலிருந்து இப்போதான் இறங்கிய ஆள், ஊர் நடப்பு தெரியாதவர் என்கிற நக்கல். பிரிட்டனில் ‘ஃப்ரெஷி’ என்றும் சொல்வாங்க. சொல்கிறவர்கள் பல நேரம் வெள்ளைக்காரங்க இல்லை. ஒரு தலைமுறை முன்னாடி போய் செட்டில் ஆன நம்ம ஊர், பக்கத்து ஊர்க் குடும்பத்துப் பிள்ளைகளே. 2015-ல் இதே பெயரில் அமெரிக்க டி.வி-யில் ஒரு காமெடி சீரியல் வந்து 2020 வரை ஓடியது. தங்களையே கிண்டல் செய்துகொண்டு அந்த வார்த்தையின் முள்ளைப் பிடுங்கியவங்க உண்டு. ஆனால் நேற்று வந்த ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் சொல்லும்போது அது கிண்டல் இல்லை, குத்தல்.

ஃபார்மில் டிக் அடிக்கும் முன்

நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் ‘ஃப்ரெஷ்’, ‘ரெனியூவல்’ என்று இரண்டு இருக்கும். அந்த ஸ்காலர்ஷிப்புக்கு முதன்முறையாக விண்ணப்பிக்கிறவர் ஃப்ரெஷ். போன வருஷம் வாங்கி, இந்த வருஷம் தொடர்கிறவர் ரெனியூவல். ‘செகண்ட் இயர் புதுசா ஆரம்பிக்குதே, அப்போ ஃப்ரெஷ்தானே’ என்று நினைத்து மாற்றி அடிக்காதீங்க. இங்கே புதுசாக இருக்க வேண்டியது உங்க வருஷம் இல்லை, அந்தத் திட்டத்தோடு உங்களுக்கு இருக்கிற உறவு. மேலே சொன்ன உபாயம் ஞாபகம் இருக்கா? எதிர்ப்பதம் ‘ரெனியூவல்’.

பாஸ்போர்ட்டிலும் இதே கதை. ‘ஃப்ரெஷ்’ என்றால் இதுவரை பாஸ்போர்ட்டே வாங்காதவர். பழசு காலாவதி ஆகிவிட்டது, தொலைந்துவிட்டது, பக்கம் தீர்ந்துவிட்டது, பெயரோ முகவரியோ மாறிவிட்டது என்றால் எல்லாமே ‘ரீ-இஷ்யூ’. தொலைந்ததுக்குப் பதிலாகக் கையில் வருவது புத்தம் புது புத்தகம்தான். இருந்தாலும் ஃபார்ம் மொழியில் அது ஃப்ரெஷ் கிடையாது.

நியூவும் ஃப்ரெஷ்ஷும் ஒண்ணா?

பக்கத்து வீட்டுக்காரங்க, ஒரே வீடு இல்லை. ‘நியூ ஷர்ட்’ என்றால் கடையில் வாங்கியது. ‘ஃப்ரெஷ் ஷர்ட்’ என்றால் துவைத்து மடித்தது, வாங்கி 5 வருஷம் ஆகியிருக்கலாம். ஹோட்டலில் ‘ஃப்ரெஷ் டவல்’ கேட்டால் துவைத்த டவல் வரும். பிரிக்காத கவரில் புது டவல் வரும் என்று காத்திருக்க வேண்டாம். அதே மாதிரி ஜவுளிக்கடையில் நாம் கேட்கும் ‘ஃப்ரெஷ் பீஸ்’ஸுக்கு வெளிநாட்டில் ‘எ நியூ ஒன், அன்ஓப்பன்டு’ என்று கேட்டால்தான் புரியும். மொய் வைக்கத் தேடும் ஃப்ரெஷ் நோட்டு, அங்கே ‘க்ரிஸ்ப்’ நோட்டு. ‘ஃப்ரெஷ் காபி’ என்றால் இப்போ போட்டது. ‘ஃப்ரெஷ் ஷீட்’ வெள்ளைத்தாளும் ஆகும், துவைத்த பெட்ஷீட்டும் ஆகும், இடம் பார்த்துப் புரிஞ்சுக்கணும்.

‘இன்னும் கொஞ்சம், மறுபடியும்’ என்கிற வாசனையும் ஃப்ரெஷ்ஷுக்கு உண்டு. ஃப்ரெஷ் டெண்டர், ஃப்ரெஷ் நோட்டீஸ் என்றால் ஏற்கெனவே ஒன்று இருந்து, அது போய், மறுபடி ஒன்று. கொரோனா நாட்களில் தினமும் மாலை செய்தியில் வந்த ‘ஃப்ரெஷ் கேசஸ்’ இந்த வகைதான். அந்த ஃப்ரெஷ்ஷில் மகிழ ஒன்றுமில்லை. ஆட்டத்தில் கடைசி 20 நிமிஷத்துக்கு இறக்கிவிடும் சப்ஸ்டிடியூட்டை ‘ஃப்ரெஷ் லெக்ஸ்’ என்பாங்க, களைக்காத கால்கள். நாலு நாளாக நீங்களே திருத்திக்கொண்டிருக்கும் ரிப்போர்ட்டை வேறு ஒருத்தரிடம் கொடுத்தால் ‘ஃப்ரெஷ் ஐஸ்’. வில் ஸ்மித் நடித்து 1990-ல் தொடங்கிய ‘த ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்’ சீரியலில் இருக்கும் ஃப்ரெஷ்ஷோ, ராப் பாடல்கள் கிளப்பிவிட்ட அர்த்தம்: செம கெத்து.

காற்றுக்கும் ஃப்ரெஷ் உண்டு. ‘ஃப்ரெஷ் ஏர்’ சுத்தமான வெளிக்காற்று. ஆனால் வானிலை அறிக்கையில் ‘ஃப்ரெஷ் பிரீஸ்’ என்று வந்தால் அது இதமான காற்று என்று நினைக்காதீங்க. போஃபோர்ட் அளவுகோலில் அது 5-வது படி, மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர் வேகம், சின்ன மரங்கள் ஆடத் தொடங்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கில் புகுந்து வரும் மாதங்களில் தேனிப் பக்கம் பைக் ஓட்டியவங்களுக்கு இந்த ஃப்ரெஷ் நல்லாவே தெரியும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை.

கடைசியா ஒன்று. அமெரிக்கக் கடையில் போய் திராட்சை கேட்டு, கடைக்காரர் சிரித்த முகத்தோட ‘வி ஆர் ஃப்ரெஷ் அவுட் ஆஃப் கிரேப்ஸ்’ என்றால், ஃப்ரெஷ்ஷா வந்திருக்கு என்று பையைத் திறக்காதீங்க. ‘இப்போதான் தீர்ந்துச்சு, இல்லை’ என்கிறார். அடுத்த கடையைப் பாருங்க.